யாரு செஞ்சு வெச்சத?

கம்ப்யூட்டர் சொல்றபடி மரத்த செதுக்கற சிஎன்சி மெஷின்ல ரிலீஃப் ஒர்க்குக்கு, அதாவது பலகையில உருவம் மேடா எழும்பி நிக்கற வேலைக்கு, 30 ஆயிரம் பக்கத்துல எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்னு யாரு கேட்டாலும் வீகார்வ் டெஸ்க்டாப்னு தான் சொல்லுவேன். இன்னைக்கும் அதே பதில் தான். நான் பாத்தப்ப 350 டாலர் பக்கம் இருந்துச்சு, ஒரு தடவ கட்டுனா போதும், எஸ்டிஎல் ஃபைல (ரெடியா இருக்கற 3டி மாடல்) உள்ள கொண்டு வந்து ரஃபிங் (மொத மொத்த வெட்டு) ஃபினிஷிங் (கடைசி நுணுக்க வெட்டு) ரெண்டுக்கும் சுத்தமா டூல்பாத், அதாவது வெட்டற முனை போற பாதைய, போட்டுக் குடுக்கும். 25 இஞ்சுக்கு மேல போனா துண்டு துண்டா பிரிச்சு ஓட்டணும், கதவு வேலைக்கு அது கொஞ்சம் எரிச்சல் தான், ஆனா ஓடும்.

அரும்பாவூர் பக்கத்து அண்ணன் ஒருத்தரு செகண்ட் ஹேண்ட்ல சிஎன்சி ரவுட்டர் மெஷின் எடுத்துட்டு என்கிட்ட வந்தப்பவும் இதத்தான் சொன்னேன். தேர் வேல, வாகனம், சாமி சிலைனு அப்பா காலத்துலேந்து உளி புடிச்ச குடும்பம். அந்த ஊரு மரச்சிற்பத்துக்கு 2020ல புவிசார் குறியீடு கெடச்சுது, அது கை வேலைக்கு குடுத்ததுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா பேங்க் டியூ கட்டறது யாருங்கறது வேற கேள்வி.

எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, "தம்பி, இதுல நானா ஒரு சாமிய உருவாக்க முடியுமா?"ன்னாரு.

"இதுல முடியாதுண்ணே, அதுக்கு இதே கம்பெனியோட ஆஸ்பையர் வேணும், 2000 டாலர் கிட்ட ஆகும். இதுல செஞ்சு வெச்சத கொண்டாந்து ஓட்டலாம்."

"யாரு செஞ்சு வெச்சத?"

கோவமா கேக்கல, கிண்டலாவும் இல்ல, நெஜமாவே தெரிஞ்சுக்க தான் கேட்டாரு. நான் பட்டுனு "நெட்ல எல்லாம் கெடைக்கும்ணே, கஜலட்சுமி, தசாவதாரம், மயில், பென்டிரைவ்ல மொத்தமாவே விக்கிறாங்க"ன்னு சொல்லிட்டேன். அது அவரு கேட்டதுக்கு பதிலே இல்லன்னு வீட்டுக்கு வந்தப்புறம் தான் உறுத்துச்சு.

வேற வழி எதையும் நான் மறைக்கல. பக்கத்து பட்டறைல ஆர்ட்கேம் சாஃப்ட்வேரோட கிராக் (திருட்டு காப்பி) ஓடுதே, அதப் போட்டுக்கவான்னு கேட்டாரு, வேணாம்னேன். 2018லயே ஆட்டோடெஸ்க் அத நிறுத்திட்டாங்க, இப்ப அது கார்வ்கோங்கற பேர்ல வருது, மாசச் சந்தாவுல மேக்கர்னு அதோட சின்ன வெர்ஷன் இருக்குன்னும் சொன்னேன். மாசா மாசம் கார்டுலேந்து காசு எடுப்பாங்கன்னதும் மூஞ்சி மாறிருச்சு. (நான் தொழில் கத்துக்கிட்டது எந்த ஆர்ட்கேம்லன்னு மட்டும் கேக்காதீங்க.) ஆட்டோடெஸ்கோட இன்னொரு சாஃப்ட்வேர் ஃப்யூஷன்ல ஃப்ரீ லைசன்ஸ் சொந்த உபயோகத்துக்கு மட்டும் தான், கூலி வேலைக்கு ஆகாது, அதுவும் 2020 அக்டோபருக்கப்புறம் அதுல ரேபிட் மூவ எடுத்துட்டாங்க, வெட்டாத எடத்துல கூட மெஷின் வெட்டற ஸ்பீடுல தான் நகரும். பிளெண்டர்னு 3டி மாடல் பண்ற சாஃப்ட்வேர் ஃப்ரீ தான், அதுலயே சாமி உருவாக்கி வீகார்வுக்கு கொண்டு வரலாம், ஆனா கொட்டாப்புளி புடிச்ச கையில ஒரு மவுஸ குடுத்து இனிமே இதான் உளின்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொல்லியிருக்கணுமோ? அவரு கத்துக்க மாட்டாருன்னு நான் எப்படி முடிவு பண்ணேன்?

கணக்கு பாத்தா நான் சொன்னது தான் சரி. 1 அடிக்கு 2 அடி பேனல், 1 மிமீ முனை இருக்கற டேப்பர் பால்நோஸ் பிட்டு, ஸ்டெப்ஓவர் (ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல உள்ள தூரம்) 0.1 மிமீன்னு வெச்சா 3000 கோடு போகணும், நிமிஷத்துக்கு 3 மீட்டர் வேகத்துல ஃபினிஷிங் மட்டுமே 10 மணி நேரம். அந்த 10 மணி நேரமும் ஸ்பிண்டில் (பிட்ட சுத்த வெக்கற மோட்டார்) சும்மா நிக்காம இருந்தா தான் டியூ கட்ட முடியும், உக்காந்து மாடல் பண்ணிட்டிருந்தா மெஷின் தூங்கும். ஸ்டெப்ஓவர 0.2 ஆக்குனா பாதி நேரம் மிச்சம், ஆனா கோடு கோடா நிக்கும், அப்புறம் உப்புத்தாள் போட ரெண்டு ஆளு வேணும்.

ட்ரெய்னிங் குடுக்கறப்ப ஒன்னு நடந்துச்சு. ரெட்டக் கதவு பூஜ ரூமு, எடது கதவு டிசைன மிரர் அடிச்சு வலதுக்கு போட்டேன், எல்லாரும் பண்றது தான், மயில் கொடி எல்லாம் அழகா உக்காந்துருச்சு. நடுவுல இருந்த பிள்ளையாரும் சேந்து திரும்பிட்டாரு. எனக்கு கண்ணுல படல. அண்ணன் பின்னாடி நின்னு பாத்துட்டு, "தம்பி, இடம்புரி வலம்புரியாயிருச்சு பாரு, கொழுக்கட்ட வலது கைக்கு போயிருச்சு, ஒடஞ்ச தந்தமும் பக்கம் மாறிருச்சு"ன்னாரு. ஸ்க்ரீன்ல தெரிஞ்சது கட்டவெரல் அளவு, அதுவும் சாம்பல் கலர்ல ஒரு மேடு. இந்தக் கண்ணு இருக்கற ஆளுக்கு தான் நான் ரெடிமேட் மாடல் வாங்கிக்கோங்கன்னேன்.

அவரு நல்லாத்தான் இருக்காரு, டியூ தவறல. ஆனா மாவட்டத்துல இருக்கற எல்லா கதவுலயும் இருக்கற அதே லட்சுமி தான் அவரு கதவுலயும், அதனால போட்டி அடிக் கணக்குல எவ்ளோங்கறதுல வந்து நிக்குது. மெஷின்லேந்து எறக்குனப்புறம் மூக்கையும் கண்ணையும் மட்டும் உளியால திருத்தறாரு, வெரல் எல்லாம் மெழுகு மாதிரி ஒட்டிட்டு வருதுன்னு அதையும் பிரிக்கறாரு. அதுக்கு தனியா காசு வாங்கறதில்ல. ஏன் வாங்கலன்னு நான் கேட்டா சிரிக்கறாரு, ஒருவேள அதுக்கு மேல கேக்க எனக்கும் தைரியம் இல்ல.

போன மாசம் போனப்ப, ஆஸ்பையருக்கு மாத்துனா இன்னும் எவ்ளோ கட்டணும்னு அவரே ஆரம்பிச்சாரு. வித்தியாசம் மட்டும் கட்டுனா போதும்ணே, ஆனா அதுவே ஒன்ற லட்சம் கிட்ட வரும்னேன். பையன் மெஷின் பக்கத்துலேந்து, "அந்தக் காசுக்கு இன்னொரு ஸ்பிண்டில் போட்டா ஒரே நேரத்துல ரெண்டு கதவு ஓட்டலாம்ப்பா"ன்னான். அண்ணன் என் மூஞ்சியப் பாத்தாரு. கணக்குப்படி பையன் சொன்னது தான் சரி, வேற எந்தக் கஸ்டமரா இருந்தாலும் நானே அதத்தான் சொல்லியிருப்பேன். ட்ரயல் வெர்ஷன் இருக்குண்ணே, டூல்பாத் சேவ் ஆகாது, ஆனா மாடல் பண்ணிப் பாக்கலாம், மொதல்ல அதுல ஒரு பிள்ளையார போட்டுப் பாருங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.