ஒற்றை ஆசிரியர் பள்ளியிலிருந்து வந்த கல்வி அதிகாரி

எங்கள் காலத்தில் பெற்றார் பள்ளிக்கூட வாசலை மிதித்தால் ஒன்று பிள்ளை ஏதோ குழப்படி செய்திருக்கும், இல்லாவிட்டால் பரிசளிப்பு விழாவாக இருக்கும். அப்படி வளர்ந்த நான் கலிபோர்னியாவில் மகளின் ஆரம்பப் பாடசாலைச் சபைக்குத் தெரிவானேன். சபையில் பாதிப் பேர் அதிபரும் ஆசிரியர்களும் ஊழியர்களும். மற்றப் பாதி பெற்றார். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஓர் உதவியாளர் வேண்டும் என்று முதலாம் வகுப்பு ரீச்சர் கேட்டா. தச்சுவேலை செய்யும் தகப்பன் ஒருவர், "அதுக்குக் காசு எங்கே போகிறது, சொல்லுங்கோ" என்றார். அதிபர் கொப்பியை விரித்து வரிவரியாகக் கணக்குக் காட்டினார்.

இதற்கெல்லாம் வழிபோட்டவர் வில்சன் ரைல்ஸ் என்று அந்த ரீச்சர்தான் சொன்னா. 1917இல் லூயிசியானாவில் பிறந்த கறுப்பினத்தவர். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். அரிசோனாவில் அப்பாச்சி பழங்குடியினரின் ஒதுக்கு நிலத்தில் ஒற்றை ஆசிரியர் பள்ளியொன்றில் படிப்பிக்கத் தொடங்கி, 1958இல் கலிபோர்னியாக் கல்வித் திணைக்களத்தில் சேர்ந்தார். 1965 முதல் வசதி குறைந்த பிள்ளைகளுக்கான உதவித் திட்டம் அவர் பொறுப்பில் இருந்தது. அந்த மாநிலத்தில் கல்வித் தலைமைப் பதவிக்கு மக்களே வாக்களிப்பார்கள். 1970இல் தன் மேலதிகாரி மக்ஸ் ரஃபேர்ட்டியையே எதிர்த்து நின்று வென்றார். கலிபோர்னியாவில் மாநிலம் தழுவிய பதவிக்குத் தெரிவான முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

பெரிய வகுப்புகளை விட்டுவிட்டு, பாலர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரையில்தான் அவர் முதலில் கை வைத்தார். 1973இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் காசு பெற வேண்டுமானால் பெற்றாரையும் இருத்தித் திட்டம் போட வேண்டும். பல வயதுப் பிள்ளைகளைத் தனி ஆளாகச் சமாளித்தவருக்குத்தான் சின்ன வகுப்பில் இன்னொரு பெரியவரின் பெறுமதி தெரியும் என்பது என் எண்ணம்.

எனக்கு மனம் கனக்கும் இடமும் ஒன்று உண்டு. நுண்ணறிவுப் பரீட்சையை வைத்துக் கறுப்பினப் பிள்ளைகளைப் மனவளர்ச்சி குன்றியோருக்கான வகுப்புகளுக்குத் தள்ளுவதை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கின் பெயர் 'லாரி பி. எதிர் ரைல்ஸ்'. அந்த வழக்கம் அவருக்கு முன்பே வேரூன்றியது. ஆனாலும் பதவியில் இருந்தவர் அவர். 1979இல் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பானது.

1982 தேர்தலில் பில் ஹோனிக்கிடம் தோற்றார். 1999இல் காலமானார். அவர் காலத்துச் சபைமுறை இன்றும் இருக்கிறது.

ஊர்ப் பள்ளியின் மண்டபத்துக்கும் வாசல் வளைவுக்கும் நம் சங்கம் நிறையவே கொடுத்துவிட்டது. இனி அங்கே முதலாம், இரண்டாம் வகுப்புகளுக்கு உதவி ஆசிரியர் இருவரின் சம்பளத்தை நாம் பொறுப்பேற்க வேண்டுமென்று வரும் பொதுக்கூட்டத்தில் பிரேரிக்கப் போகிறேன். ஆமோதிக்க ஒருவர் வேண்டும்.