"சார் இன்னைக்கு எந்த மூட்ல இருக்கார்?"

ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போகிறவர், கதவுக்கு வெளியே நின்று பக்கத்து இருக்கைக்காரரிடம் தணிந்த குரலில் கேட்கும் கேள்வி இது. இந்தக் கேள்வி தினமும் புழங்கும் இடத்தில் வேலையின் வேகத்தை ஒருவருடைய முகம்தான் தீர்மானிக்கிறது. காலையில் கையெழுத்தாக வேண்டிய காகிதம் "சாப்பிட்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று பிற்பகல் வரை மேஜையிலேயே கிடக்கும். பத்து மணிக்கே சொல்லியிருக்க வேண்டிய தவறு, மாலையில் கிளையன்ட் போன் செய்த பிறகுதான் வெளியே வரும்.

தலைவரின் மனநிலை மற்றவர்களைத் தொற்றுகிறது என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். தாமஸ் சை, ஸ்டெஃபான் கோட்டே, ரிச்சர்ட் சாவேத்ரா ஆகிய மூவர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் 56 குழுக்கள் இருந்தன. தலைவருக்கு மட்டும் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டி, அவரை நல்ல மனநிலைக்கோ கெட்ட மனநிலைக்கோ கொண்டுவந்தார்கள். பிறகு குழுவோடு சேர்ந்து ஒரு கூடாரம் அமைக்கச் சொன்னார்கள். வீடியோவைப் பார்க்காதவர்களும் தலைவரின் மனநிலைக்கே வந்து சேர்ந்தார்கள். நல்ல மனநிலையில் இருந்த தலைவரின் குழுவில் ஒருங்கிணைப்பு கூடியது. எரிச்சலில் இருந்தவரின் குழு அதிகமாக முயன்று உழைத்தது.

அந்தக் கடைசி வரியை நின்று வாசிக்க வேண்டும். சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும் என்ற நம்பிக்கை ஏன் சாகாமல் இருக்கிறது என்பதற்கு அதில் பாதி விடை இருக்கிறது. திட்டியதும் எல்லோரும் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு பேர் ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருப்பதும், மூன்றாமவர் சந்தேகத்தைக் கேட்கப் பயந்து தப்பான ஃபார்மட்டில் அடித்துத் தள்ளுவதும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

உற்சாகமான தலைவர் என்றதும் கணீரென்ற குரலும் மேடைப் பேச்சும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். வேலையிடத்தில் அந்த உற்சாகத்தை உரைத்துப் பார்க்கும் இடம் வேறு: கெட்ட செய்தி வந்து சேர்ந்த முதல் பத்து விநாடி. ஒரு பெண் ஊழியர் வந்து, "சார், பழைய ரேட் இருந்த ஃபைலை அனுப்பிட்டேன்" என்கிறார். "இதை இப்பதான் சொல்றீங்களா?" என்று பதில் வந்தால், அடுத்த தவறு இன்னும் தாமதமாகத்தான் வரும், சில சமயம் வராமலே போகும். "சரி, உட்காருங்க. யார் யாருக்குப் போயிருக்கு?" என்று வந்தால், அவர் மூளை அந்த நொடியே வேலைக்குத் திரும்பிவிடும்.

கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. இப்போது நிலவரம் என்ன, இன்னும் எதைத் தடுத்து நிறுத்த முடியும், நான் யாரிடம் பேச வேண்டும். "ஏன் நடந்தது?" என்பது மறுநாள் கேட்க வேண்டிய கேள்வி. கட்டாயம் கேட்க வேண்டியதும்கூட. ஆனால் பதற்றத்தில் இருப்பவரிடம் ஏன் என்று கேட்டால் காரணம் கிடைக்காது, சமாதானம்தான் கிடைக்கும். சொன்னதற்கு ஒரு நன்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தவறுக்கு நன்றியா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். தவறை மறைக்காமல் வந்து சொன்னதற்கு அந்த நன்றி.

ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்து 1996-இல் எழுதியது இதோடு சேர்த்து நினைக்க வேண்டியது. நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான பிழைகள் அங்கேதான் அதிகமாக இருந்தன. அந்தப் பிரிவுகளில் பிழையை வாய்விட்டுச் சொல்ல முடிந்தது என்பதுதான் அவர் கண்ட விளக்கம். அதனால் "பிரச்னையைக் கொண்டு வராதீங்க, தீர்வைக் கொண்டு வாங்க" என்ற வசனத்தை எந்தத் தலைவரும் தயவுசெய்து பேசக் கூடாது. தீர்வு தெரியாத பிரச்னைகள்தான் தலைவரிடம் வர வேண்டியவை. அவற்றைத்தான் அந்த வசனம் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது.

பாராட்டைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். என்ன செய்தார், அதனால் என்ன நடந்தது என்ற இரண்டும் இல்லாத பாராட்டு நிற்காது. "சூப்பர், கலக்கிட்டீங்க" என்பதை எல்லோருக்கும் எல்லா நாளும் சொன்னால் ஒரு மாதத்தில் அது வணக்கம் போல ஆகிவிடும். "நேத்து அந்த ரெண்டு பில்லையும் நீங்க ஒப்பிட்டுப் பார்த்ததால ஒரே தொகை ரெண்டு தடவை போகாம நின்னுச்சு" என்றால், கேட்டவர் அடுத்த முறையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். மறுநாளுக்குள் சொல்லிவிட வேண்டும். அப்ரைசல் வரை சேர்த்து வைத்தால் ஆறிப்போகும்.

அதைவிடப் பெரிய தூண்டுதல் ஒன்று இருக்கிறது. தெரசா அமபிலேயும் ஸ்டீவன் கிரேமரும் 7 நிறுவனங்களில் 238 பேர் எழுதிய ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளை அலசினார்கள். நல்ல நாள் என்று மனதில் தங்கிய நாட்களில் முன்னால் நின்றது, அர்த்தமுள்ள வேலை ஒரு படி நகர்ந்திருந்தது என்பதுதான். அப்படியென்றால் தலைவரின் ஆற்றல் போக வேண்டிய இடம் தடைகளை அகற்றுவது. காலை மீட்டிங் 15 நிமிடம் போதும், பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். "என்ன முடிச்சீங்க?" என்று வரிசையாகக் கேட்டால் அது வருகைப் பதிவேடு ஆகிவிடும். "எது உங்களை நிறுத்தி வச்சிருக்கு?" என்று கேட்டு, பெயரோடு குறித்துக்கொண்டு, வராத அனுமதியோ கிடைக்காத பாஸ்வேர்டோ, அதில் ஒன்றையாவது மதியத்துக்குள் தீர்த்துக்கொடுத்தால் ஊக்க உரையே தேவைப்படாது. குறித்துக்கொண்டு மறந்துவிட்டால் நிலைமை மோசம். மூன்றாவது வாரம் எல்லோரும் "ஒண்ணுமில்லை சார்" என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

வேலை போகுமோ என்று எல்லோரும் கலங்கியிருக்கும் நாளில் சிரித்த முகத்தோடு "பாஸிட்டிவா இருங்க" என்பது கொடுமை. அப்போது சொல்ல வேண்டியவை மூன்றுதான்: எனக்குத் தெரிந்தது இது, தெரியாதது இது, அடுத்த தகவலை இந்த நாளில் சொல்கிறேன். சொன்ன நாளில் புதிதாக எதுவும் இல்லையென்றாலும் வந்து, இல்லை என்று சொல்ல வேண்டும்.

இரவு ஒன்பதரைக்கு "நாளைக்கு வந்ததும் என்னைப் பாருங்க" என்று மட்டும் போகும் மெசேஜ் ஒருவர் தூக்கத்தைக் கெடுக்கும். "அடுத்த மாத ஷிப்ட் பட்டியல் பற்றி" என்று ஐந்து சொல் கூடச் சேர்த்தால் தீர்ந்தது.

தலைவர் எப்போதும் மலர்ந்த முகத்தோடு இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த முகத்தோடு நேராக அடுத்த ரிவ்யூவில் உட்காராமல் இருக்க, இரண்டு மீட்டிங்குக்கு நடுவில் பத்து நிமிடம் விட்டுவைக்கலாம். முடியாத நாளில் வெளிப்படையாகவே சொல்லலாம்: "வேற ஒரு விஷயத்துல மனசு சரியில்லை, உங்களால இல்லை." சொல்லாவிட்டால் எதிரே இருக்கும் ஆறு பேரும், தான் என்ன தப்புச் செய்தோம் என்று ஆளுக்கொரு கணக்குப் போடுவார்கள்.

கட்டுப்பாட்டை மீறிக் கத்திவிட்டால் அன்றைக்கே, யார் முன்னால் கத்தினாரோ அவர்கள் முன்னாலேயே, "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று சொல்ல வேண்டும். பின்னால் "ஆனா" வரக் கூடாது. வந்தால் மன்னிப்பு அழிந்து விளக்கம்தான் நிற்கும். கத்தியதில் பாதியில் நின்றுபோன பேச்சு ஒன்று இருக்கும். ஃபைலை மறுபடி திறந்து, "நீங்க அப்போ ஏதோ சொல்ல வந்தீங்க, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, அவர் முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும்.