அகரில் ஒரு குத்து

"அண்ணாச்சி, லூப்பால ரெண்டு குத்து குத்திருவமா?"

தொண்டையில் தேய்த்தெடுத்த ஸ்வாபை, கிருமி வளர்க்கும் ரத்த அகர் தட்டில் பரப்பிவிட்டு, கம்பி லூப்பும் கையுமாக லேப் டெக்னீசியன் தம்பி கேட்டான். "வேண்டாம்டே, மேலயே தெரிஞ்சிரும்" என்றேன். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

தப்பான பதில் என்றும் சொல்லிவிட முடியவில்லை. தொண்டைப்புண் உண்டாக்கும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியிடம் ரத்தச் சிவப்பணுவை உடைக்க இரண்டு நச்சுகள் உண்டு. ஸ்ட்ரெப்டோலைசின் எஸ் காற்றுப் பட்டாலும் கெடாது. காலனியைச் சுற்றி மேற்பரப்பில் விழும் தெளிந்த வளையம் அதன் வேலைதான். ஸ்ட்ரெப்டோலைசின் ஓ ஆக்ஸிஜன் பட்டால் செயலிழந்துவிடும். அது செல் சவ்வின் கொலஸ்ட்ராலைப் பற்றிக்கொண்டு, பல மூலக்கூறுகளாக வளையம் கட்டி, 25 முதல் 30 நானோமீட்டர் வரை அகலமான ஓட்டை போடும். சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் சுமார் 6 நானோமீட்டர்தான். அந்த வழியே தாராளமாக வெளியேறும். எஸ் சுரக்காத ரகங்கள் குறைவு, ஆனாலும் உண்டு. அவை மேலே வளையம் காட்டாது. லூப்பைச் சாய்த்து அகருக்குள் குத்தினால், காற்றுக் குறைந்த அந்த இடத்தில் ஓ தன் வேலையைக் காட்டும். சில விநாடி வேலை.

மறுநாள் தட்டைச் சன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். பச்சை படிந்த காலனிகள். ஓரமாக இரண்டு மூன்று சாம்பல் பொட்டுகள், சுற்றிலும் மங்கல். பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரியவில்லை, அதாவது முழுதாகத் தெளியவில்லை. 'இயல்பான தொண்டைக் கிருமிகள்' என்று கையெழுத்துப் போட்டேன். தட்டு, கிருமி கொல்லும் ஆட்டோக்ளேவுக்குப் போனது.

மூன்று வாரத்தில் அதே பிள்ளைக்கு மூட்டு வீக்கம், இந்தக் கிருமியின் பின்விளைவோ என்று ஏஎஸ்ஓ (ஸ்ட்ரெப்டோலைசின் ஓ-வுக்கு எதிரான ஆன்டிபாடி அளவு) கேட்டுச் சீட்டு வந்தது. 200-க்கு மேல், கூடுதல்தான். அதற்கும் முந்தைய தொற்றால் ஏறியதாகவும் இருக்கலாம்.

பிறகுதான் தட்டில் கலக்கும் ரத்தத்தைப் பற்றி யோசித்தேன். செம்மறி வளர்ப்பவரிடம் சொல்லி வைத்து, கழுத்து நரம்பில் எடுத்து, உறையாமலிருக்கக் கண்ணாடி மணிகளோடு 10 நிமிடம் சுழற்றி, 50 டிகிரிக்கு ஆறிய அகரில் 5 சதவீதம் சேர்க்க வேண்டும். சூடு கூடினால் தட்டு சாக்லேட் நிறமாகிவிடும். அந்த வாரம் செம்மறி ரத்தம் வரவில்லை; 35 நாள் கெடு முடிந்த மனித ரத்தப் பையில்தான் தட்டு ஊற்றியிருந்தோம். கொடையாளியின் பிளாஸ்மாவில் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ-வுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால், நச்சு அங்கேயே முடங்கிவிடும். எஸ்-க்கு அப்படி ஆன்டிபாடி உருவாவதில்லை. ஆக, தம்பி சொன்னபடி குத்தியிருந்தாலும் ஒன்றும் தெரியாமலே போயிருக்கலாம்.

இந்தச் சமாதானம் ஒருநாள் தாங்கும், மறுநாள் தாங்காது. அந்தச் சாம்பல் பொட்டுகளைத் தனியாக எடுத்து, ஏ பிரிவை அடையாளம் காட்டும் பாசிட்ராசின் மருந்தின் 0.04 யூனிட் வில்லை வைத்துப் பார்த்திருக்கலாமே? அதற்கு எந்த ரத்தமும் தடையில்லை. குத்தையே நினைத்து நினைத்து, இந்த வில்லையை இத்தனை நாள் நினைக்காமல் இருந்திருக்கிறேன்.

இப்போது தம்பி கேட்பதில்லை, குத்திவிட்டுத்தான் மூடுகிறான். செம்மறி ரத்தம் வராத வாரங்களில் அதே பைதான்.