ஏழு கையெழுத்து, எட்டு மாதம்

2024 மே மாதம் அட்வான்ஸ் கொடுத்தோம். ஆவணியில் பால் காய்ச்சிவிடலாம் என்று நம்பி, வாடகை வீட்டுக்காரரிடமும் அப்படியே சொல்லி வைத்தோம். பத்திரம் பதிவானது 2025 தை மாதம். நடுவில் போன எட்டு மாதமும் எதற்குப் போயிற்று என்று எழுதி வைக்கிறேன். பழைய தனி வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்தால் எனக்குச் சந்தோஷம்.

வீடு தாம்பரத்துக்குத் தெற்கே. 1983இல் ஒருவர் மனை வாங்கிக் கட்டியது. அவர் 2009இல் காலமானார், உயில் எழுதவில்லை. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று நான்கு பேருக்கும் விற்கச் சம்மதம். விலை 62 லட்சம் பேசி, 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதக் கெடு வைத்து அக்ரிமெண்டைப் பதிவும் செய்துகொண்டோம். அதற்கு முன்பே 1983 முதல் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்திருந்தேன். மனை வாங்கிய கிரயம் ஒன்றுதான் இருந்தது. அடமானம் இல்லை. அவ்வளவு நிம்மதி எனக்கு.

அங்கேதான் தவறினேன். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் வரும். ஒருவர் இறந்துபோனதோ, அவர் பங்கு யார் யாருக்குப் போயிற்று என்பதோ அதில் வராது.

லோனுக்குக் கொடுத்த காகிதங்களைப் பார்த்த வங்கி வக்கீல், வாரிசுச் சான்றில் இருந்த ஐந்தாவது பெயரைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். இறந்தவரின் தாயார். "ஆயா போய்ச் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு சார், அவங்க பேரு இப்ப எதுக்கு?" என்றார் மூத்த மகன். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணின் சொத்தில் மனைவி, பிள்ளைகளோடு தாயாருக்கும் சம பங்கு உண்டு. தகப்பனார் அந்த முதல் வரிசையில் வருவதில்லை. மகன் இறந்தபோது ஆயா உயிரோடு இருந்தார். ஆக, ஐந்தில் ஒரு பங்கு அவருடையது. 2013இல் அவர் இறந்ததும் அந்தப் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போய்விட்டது. ஒரு சித்தப்பா, இரண்டு அத்தைகள், இறந்த மகனின் இடத்தில் அவருடைய மூன்று பிள்ளைகள். கணக்குப் போட்டால் சித்தப்பாவுக்கும் அத்தைகளுக்கும் ஆளுக்கு 20இல் ஒரு பங்கு. எங்கள் விலையில் அது 3,10,000 ரூபாய். மூன்று பேருக்குமாக 9,30,000. விற்பவர்கள் நான்கு பேர் இல்லை, ஏழு பேர்.

அன்று ராத்திரி மூத்த மகன் போன் செய்தார். "நாங்க வேணும்னே மறைக்கல சார், எங்களுக்கே தெரியாது." நான் நம்பினேன். அட்வான்ஸைத் திருப்பி வாங்கிவிடு என்று என் மாமனார் சொன்னார். அதுவும் சரியான யோசனைதான். ஆனால் அந்த மனிதர்களின் பேச்சில் பொய் இல்லை. காத்திருப்பது என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம்.

அதிக நாள் தின்றது ஆயாவின் வாரிசுச் சான்று. அவர் இறந்தது விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில். இறப்புச் சான்றில் பெயரோடு 'அம்மாள்' சேர்ந்திருந்தது, ஆதாரில் இல்லை. அதைத் திருத்தவே ஒன்றரை மாதம். அப்புறம் இ-சேவையில் விண்ணப்பம், விஏஓ விசாரணை, வருவாய் ஆய்வாளர், தாசில்தார். ஒவ்வொரு மேஜையிலும் பத்துப் பதினைந்து நாள் நின்றது. ஜூலையில் தொடங்கி அக்டோபர் கடைசியில் சான்று கைக்கு வந்தது.

இங்கே இந்தக் காகிதம் நின்றாலும் மற்றக் கெடுக்கள் நிற்கவில்லை. ஆகஸ்டில் முடிய வேண்டிய அக்ரிமெண்டை நீட்டித்து எழுதினோம். வங்கியின் லோன் அனுமதி காலாவதியாகி, மறுபடி சம்பளச் சீட்டு, மறுபடி சிபில் கடன் மதிப்பெண். வாடகை வீட்டுக்கு வேறு ஆள் வந்து பார்த்துப் போன பிறகு, இன்னும் ஆறு மாதம் இருக்கிறோம் என்று போய்க் கேட்க வேண்டியிருந்தது.

சித்தப்பா பத்திர நகலை வாங்கி ஒரு வாரம் வைத்துப் படித்தார். சிலருக்கு அது எரிச்சல். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பதினைந்து வருடமாக யாரும் அவரைக் கேட்கவில்லை. பணம் அவரவர் பெயரில் டிடியாக, பதிவு நாளன்றே வேண்டும் என்றார். சரி என்றோம். அவருடைய பான் ஆதாரோடு இணையாமல் செயலிழந்திருந்தது. அப்படியே விட்டால், விலையிலிருந்து வாங்குபவர் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டும் டிடிஎஸ்ஸை 1 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடிக்க வேண்டும். 1,000 ரூபாய் கட்டி இணைத்து, அது உயிர்பெறக் காத்திருந்தோம்.

பெரிய அத்தைக்கு இடுப்பு எலும்பு முறிந்து படுக்கை. தன் சார்பில் கையெழுத்துப் போட அண்ணன் மகனுக்குப் பவர் பத்திரம் எழுதித் தந்தார். மனு கொடுத்துக் கட்டணம் கட்டினால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிய வழி உண்டு. அப்படித்தான் செய்தோம். பவரை வைத்துக் கிரயம் செய்யும்போது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று மருத்துவர் தந்த சான்று வேண்டும், அதுவும் 30 நாளுக்குள் வாங்கியதாக. நவம்பர் கடைசியில் வாங்கினோம். பதிவுக்கு நாள் குறிப்பதற்குள் மார்கழி பிறந்துவிட்டது, வீட்டில் யாரும் பத்திரம் பதிய ஒப்பவில்லை. தை பிறந்ததும் புதுச் சான்றுக்கு மறுபடி ஒரு பயணம்.

பதிவு நாள் முகூர்த்த நாள். டோக்கன் கிடைத்தது, கூட்டமும் இருந்தது. மதியம் சர்வர் நின்று, மாலை நான்கு மணிக்குத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம், 5,58,000 ரூபாய். டிடிஎஸ்ஸுக்கு விற்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி 26கியூபி படிவம், ஆக ஏழு நிரப்பினோம்.

பட்டா ஒரு மாதத்துக்குள் எங்கள் பெயருக்கு மாறியது. மனையைப் பிரித்து அளக்கும் உட்பிரிவு தேவைப்படாததால் சர்வேயருக்காகக் காத்திருக்கவில்லை. மாசியில் பால் காய்ச்சினோம். விற்றவர்களின் அம்மா விடியற்காலையிலேயே வந்து, கொல்லையில் இருந்த பழைய மோட்டாரில் முதலில் எந்த வால்வைத் திறக்க வேண்டும் என்று என் மனைவிக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.