ஒரு ஊசி, மூன்று முறை ரத்தம்

மூட்டு வலிக்கு இரண்டு வருடமாக மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஸ்டீராய்டு இருந்தது எனக்குத் தெரியாது. முகம் உப்பிப்போனதைப் பார்த்துப் பயந்து, ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினேன். பத்து நாளில் எழுந்து நின்றாலே தலை சுற்றியது. சோறு இறங்கவில்லை. குடம் தூக்கத் தெம்பில்லை.

ஹார்மோன் டாக்டர் காலை எட்டு மணிக்கு ரத்தத்தில் கார்டிசால் பார்க்கச் சொன்னார். உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன் அது. 6 வந்தது. 3-க்குக் கீழே என்றால் குறைபாடு உறுதியாம், 6 இரண்டுங்கெட்டான். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சும்மா இருந்துவிட்டது, கார்டிசால் சுரக்கும் அட்ரினல் சுரப்பியும் தூங்கிப்போயிருக்கும், தட்டி எழுப்பிப் பார்ப்போம் என்றார். அதற்குத்தான் சினாக்தென் ஊசி. அட்ரினலைத் தூண்ட பிட்யூட்டரி அனுப்பும் ஏசிடிஹெச் ஹார்மோனில் 39 அமினோ அமிலங்கள். அவற்றில் முதல் 24-ஐ மட்டும் செயற்கையாகச் செய்த மருந்து இது.

மருந்தைத் தேடிப் பிடிப்பதற்கே நாலு நாள் ஆனது. ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியது என்பதால் ஐஸ் பேக்கோடு கொண்டுபோனோம். இடையில் டாக்டர் கார்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை கொடுத்திருந்தார். முந்தின நாள் மதியத்தோடு அதை நிறுத்தி, மறுநாள் கடைசி ரத்தம் எடுத்த பிறகுதான் போட வேண்டும். மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

எட்டு மணிக்கு முதல் ரத்தம். பிறகு 250 மைக்ரோகிராம் ஊசி நரம்பில். வலி ஒன்றும் பெரிதாக இல்லை. அரை மணியில் இரண்டாவது ரத்தம். "முடிஞ்சுதும்மா, கிளம்பலாம்" என்றார் லேப் பையன். என் கணவர் சீட்டில் நேரத்தை எழுதி வைத்திருந்ததால் பிழைத்தோம். அறுபதாவது நிமிட ரத்தத்தைக் கேட்டு எடுக்க வைத்தார். நீங்களும் நேரத்தை எழுதிக்கொண்டே போங்கள்.

மூன்று ரத்தத்திலும் கார்டிசால் வரிசையாக 5.8, 10.9, 13.2. எங்கள் லேபில் ஊசிக்குப் பிறகு 18-ஐத் தாண்டியிருக்க வேண்டும். அன்று அழுதேன். ஆனால் காரணம் தெரிந்ததே பெரிய ஆறுதல்.

இப்போது ஹைட்ரோகார்டிசோன் காலை 10, மதியம் 5 மில்லிகிராம். காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு. வாந்தி நிற்காவிட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரியில் ஊசி. ஆறு மாதம் கழித்து மறுபடி இதே டெஸ்ட்.

பக்கத்து வீட்டு அக்காவும் அதே செட் மாத்திரைதான் போடுகிறார். திங்கட்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அதுவரை தானாக நிறுத்திவிட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.