கையில் டாலர், வாயில் மலாய்: சுங்கை சிப்புட்டிலிருந்து திமோர் லெஸ்தே

2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் நடந்த மாநாட்டில் ஆசியானின் 11ஆவது உறுப்பு நாடானது திமோர் லெஸ்தே, அதாவது கிழக்குத் திமோர். மக்கள்தொகை ஏறக்குறைய 13 லட்சம். 1975இல் அதை ஆண்டுவந்த போர்த்துகல் கைவிட்டது, அதே ஆண்டு டிசம்பரில் இந்தோனேசியா புகுந்தது. 1999இல் வாக்கெடுப்பு, 2002 மே 20 அன்று விடுதலை. மலாய் பேசத் தெரிந்த, சுங்கை சிப்புட் போன்ற மலேசிய ஊர்களின் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த நாடு மற்றவர்களைவிட எளிதில் பிடிபடும். பலர் தயங்குவது தெரியாத ஊர் என்பதால்தான். தடுக்கி விழுவதோ வேறு இடத்தில்: பணத்திலும் வண்டியிலும்.

முதலில் பணம். அங்கே புழங்குவது அமெரிக்க டாலர். சில்லறைக்கு மட்டும் அவர்களுடைய சொந்த சென்டாவோ நாணயங்கள். நம் மலேசிய வெள்ளியை (ரிங்கிட்) அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணிப் போகாதீர்கள். ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ மாற்றிக்கொண்டே கிளம்புங்கள். மணி சேஞ்சர் நீட்டும் நோட்டுக் கட்டை அப்படியே வாங்கிப் பைக்குள் வைக்க வேண்டாம். ஒவ்வொரு தாளையும் பிரித்துப் பாருங்கள். கிழிசல், பேனாக் கோடு, முத்திரை, ஆழமான மடிப்பு இருந்தால் அங்கே வாங்க மறுப்பார்கள். பழைய வடிவ நோட்டுக்கும் அதே கதிதான். நூறு டாலர் தாளை மலைக் கிராமத்தில் உடைக்க முடியாது. ஒன்று, ஐந்து, பத்து, இருபது என்று கேட்டு வாங்குங்கள். தலைநகரில் பணம் எடுக்கும் இயந்திரங்கள் உண்டு, டாலரே வரும். ஆனால் வெளிநாட்டு அட்டையைத் திருப்பித் தள்ளும் நாள்களும் உண்டு. மலைக்கு ஏறினால் அட்டையை மறந்துவிடலாம். மலையில் தங்கும் நாள்களுக்கு முழுச் செலவும் ரொக்கமாகக் கையில் இருக்க வேண்டும்.

தலைநகரின் பெயர் டிலி. நம் காதுக்கு இது டில்லி என்றே விழும். பயணச்சீட்டு போடும்போது விமான நிலையக் குறியீடு டி.ஐ.எல் என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

போகும் வழியில் எளிதானது பாலி. ஈப்போ அமான் ஜெயா பேருந்து நிலையத்தில் நேரே விமான நிலையப் பேருந்து ஏறலாம், அல்லது சுங்கை சிப்புட்டிலேயே இடிஎஸ் ரயில் பிடித்து கேஎல் சென்ட்ரல் போகலாம். கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து பாலி, பாலியிலிருந்து டிலி இரண்டு மணி நேரத்துக்குள். இரண்டு விமானங்களுக்கும் தனித்தனிச் சீட்டு என்றால், பாலியில் குடிநுழைவைக் கடந்து, பெட்டியை எடுத்து, மறுபடியும் பதிவு செய்ய வேண்டும். அதற்கு இந்தோனேசியாவின் இணைய வழி வருகைப் படிவமும் வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாம் விமானக்காரர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். பாலியில் ஓர் இரவு தங்கிப் போவதே நல்லது. பாலி நேரமும் நம் நேரமும் ஒன்று. டிலி ஒரு மணி நேரம் முன்னால்.

மலேசியக் கடப்பிதழுக்கு என்ன விதி என்பதைச் சீட்டு வாங்குமுன் கோலாலம்பூரிலுள்ள அவர்கள் தூதரகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். விமான நிலையத்தில் இறங்கிப் பெறும் 30 நாள் விசாவுக்குக் கட்டணம் 30 டாலர் ரொக்கம். அதைச் சரியான தாள்களாகத் தனியே எடுத்து வையுங்கள். இந்தோனேசியாவுக்குச் சொந்தமான மேற்குத் திமோரின் குப்பாங் நகரிலிருந்து சாலை வழியாக வர நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: விசா தேவைப்படுவோருக்கு நில எல்லையில் விசா அடித்துத் தர மாட்டார்கள், முன்னனுமதி கையில் இருக்க வேண்டும். இது தெரியாமல் எல்லைவரை போனால் ஒரு பகல் பயணத்தைத் திரும்பிச் செய்ய நேரும்.

ஆட்சிமொழிகள் தேத்துமும் போர்த்துகீசியமும். ஆனால் 24 ஆண்டு இந்தோனேசிய ஆட்சியில் பள்ளிக்குப் போனவர்கள் எல்லோரும் இந்தோனேசிய மொழி பேசுவார்கள், தொலைக்காட்சி பார்த்துக் கற்ற இளையவர்களும் உண்டு. நம் மலாயைச் சற்று மாற்றிக்கொண்டால் போதும். 'கெரேத்தா' என்றால் அவர்களுக்கு ரயில், அந்நாட்டில் ரயிலே கிடையாது. 'மோபில்' என்று சொல்லுங்கள். 'போலே' வேண்டாம், 'பிசா'. இலவசமா என்று கேட்க 'பெர்ச்சுமா' என்றால் 'வீண்' என்று பொருளாகும். 'கிராத்திஸ்' என்பதே சரி. கழிவறைக்கு 'தண்டாஸ்' புரியாது, 'வேசே' புரியும். விலை கேட்க தேத்துமில் 'ஹிரா'. நன்றி சொல்ல ஆண் 'ஓப்ரிகாடு', பெண் 'ஓப்ரிகாடா'. குழந்தைகள் 'மலாய், மலாய்' என்று கூவினால் உங்களை மலாய்க்காரர் என்று நினைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். அந்தச் சொல்லுக்கு வெளிநாட்டவர் என்று பொருள்.

சைவக்காரர்களுக்கு வாருங் கடைகளில் தாஹு, தெம்பே, காங்கோங் கிடைக்கும். 'ஹாவு லா ஹான் நாஆன்', நான் இறைச்சி சாப்பிடுவதில்லை, என்று சொல்லிக்கொள்ளலாம். சோளம், பச்சைப்பயறு, பூசணி சேர்த்து வேகவைக்கும் 'பாத்தார் டாஆன்' வயிற்றுக்கு இதமானது, நம் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வருவது. 'ஐ மானாஸ்' என்ற மிளகாய்த் தொக்கைக் கொஞ்சமாகத் தொட்டுப் பாருங்கள்.

டிலிக்கு இரண்டு நாள் போதும். நகருக்குள் மிக்ரோலெட் என்ற சிறிய வேன் ஓடும். கண்ணாடியில் எண் இருக்கும். இறங்க வேண்டிய இடத்தில் நாணயத்தால் கம்பியில் தட்டினால் நிறுத்துவார்கள், அந்த நாணயத்தையே கொடுத்து இறங்கலாம். பாலிடேயில் பழைய சிறைச்சாலைக்குள் அமைந்த 'ஷேகா' கண்காட்சியையும் எதிர்ப்பு இயக்க அருங்காட்சியகத்தையும் பார்த்த பிறகு சாந்தா குருஸ் கல்லறைக்குப் போங்கள். 1991 நவம்பர் 12 அன்று ஊர்வலம் வந்தவர்கள் மீது படையினர் சுட்ட இடம் அது. முன்னதைப் பார்க்காமல் போனால் வெறும் கல்லறையாகத் தெரியும். தைபெசியில் பாலித்தீவு மக்களுக்காக எழுந்த பூரா கிரிநாதா என்ற இந்துக் கோயிலும் இருக்கிறது.

மனம் நிற்கும் இடம் மலைப்பக்கம். எர்மேரா வட்டாரம் முழுக்கக் காப்பி. பால்மரம் வருவதற்கு முன் சிலாங்கூரிலும் பேராக்கிலும் நம்மவர்கள் பலர் வேலை செய்தது காப்பித் தோட்டங்களில்தான் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் பார்வையே வேறாகும். இலங்கையில் 1869 முதல் பரவிய இலைத்துரு நோய் அங்கிருந்த காப்பியை அழித்தது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி படிந்து, இலை உதிர்ந்து, மரம் காய்ந்துவிடும். 1920களில் திமோரில் ஒரு மரம் கண்டறியப்பட்டது; அராபிக்காவும் ரோபஸ்டாவும் தாமாகவே கலந்து பிறந்தது, அந்தத் துருவைத் தாங்கியது. இன்று பல நாடுகளில் நடப்படும் கட்டிமோர் வகைக்கு அதுவே மூதாதை. எர்மேராவில் லயமும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பெரட்டும் (காலை ஆள்கணக்கு) இல்லை. குடும்பம் குடும்பமாகச் சிறு நிலங்கள், நிழல் மரங்களின் அடியில் கவாத்துச் செய்யாமல் உயர்ந்து நிற்கும் பழைய செடிகள். மே முதல் செப்டம்பர் வரை போனால் பழம் பறிப்பதையும், தோல் நீக்கி ஊறவைத்துக் கழுவிய கொட்டைகள் சாலையோரத் தார்ப்பாயில் காய்வதையும் பார்க்கலாம். அவற்றை மிதிக்காமல் நடங்கள்.

ரமெலாவ் மலை ஏறக்குறைய 3,000 மீட்டர். தீபகற்ப மலேசியாவில் இவ்வளவு உயரம் கிடையாது. டிலியிலிருந்து 70 கிலோமீட்டரில் மவுபிஸே. சாலையின் வளைவுகளால் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். தெற்குப் பக்க வண்டிகள் தைபெசிச் சந்தையிலிருந்தும், கிழக்கே பவுகாவ் போகிறவை பெக்கோராவிலிருந்தும், மேற்கே எல்லைப்பக்கம் போகிறவை தாசி தோலுவிலிருந்தும் கிளம்பும். அட்டவணை இல்லை. ஆள் நிறைந்தால் புறப்படும், அதுவும் விடியற்காலையில். பத்து மணிக்குப் போய் நின்றால் அன்றைக்கு வண்டி இல்லை. மவுபிஸேயிலிருந்து ஹத்து புயிலிக்கோ கிராமத்துக்கு மோட்டார் சைக்கிளோ நான்குசக்கர வாகனமோ பேசிக்கொள்ள வேண்டும். அங்கே இரவு தங்கி, அதிகாலை இரண்டரை, மூன்று மணிக்கு ஏறத் தொடங்கினால் விடியலில் உச்சி மாதா சிலையடியில் இருக்கலாம். தலைவிளக்கு, கம்பளிச் சட்டை, காற்றுத்தடுப்பு மேலங்கி, இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். பலர் தவறுவது குளிரில்: வெப்ப நாடுதானே என்று டி-சட்டையோடு ஏறி, உச்சியில் நடுங்கிச் சூரியன் வருமுன் இறங்கிவிடுகிறார்கள்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை. சரிவு விழுந்து சாலை அடைபடும், அப்போது மலைத் திட்டம் போட வேண்டாம். அக்டோபர், நவம்பரில் அத்தவுரோ தீவுக் கால்வாயில் திமிங்கிலங்கள் கடக்கும். தீபாவளி விடுமுறைக்குப் பொருந்தும். ஆனால் நவம்பர் 2 இறந்தோரை நினைக்கும் நாள், எல்லோரும் சொந்த ஊர் திரும்புவார்கள், பேருந்தில் இடம் கிடைக்காது. அத்தவுரோ படகின் நாளையும் நேரத்தையும் டிலித் துறைமுகத்தில் முதல் நாளே கேளுங்கள். விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் தீவிலிருந்து திரும்பும்படி வைக்காதீர்கள், கடல் கொந்தளித்தால் படகு வராது.

மலேரியா ஒழிந்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் சான்றளித்தது. ஆனால் டெங்கி உண்டு. 2024 முதல் வெறிநாய்க்கடி நோயும் தென்படுகிறது. நாய் கடித்தால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பெரிய சிகிச்சைக்கு டார்வினுக்கோ பாலிக்கோ பறக்க வேண்டியிருக்கும் என்பதால், காப்புறுதியில் வான்வழி மீட்பு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆற்று முகத்துவாரத்திலும் தென்கரையிலும் கடலில் இறங்க வேண்டாம், உப்புநீர் முதலைகள் உண்டு. முதலையை அவர்கள் 'அபோ', அதாவது தாத்தா என்றழைப்பார்கள். தீவே ஒரு முதலையின் உடல்தான் என்பது அவர்கள் கதை. அதைக் கேலி பேசக் கூடாது.

நம் மூன்று முனைச் செருகி அங்கே பொருந்தாது, செருகி மாற்றும் கருவி (அடாப்டர்) ஒன்றைக் கொண்டு போங்கள். திரும்பும்போது வறுத்த காப்பி வாங்குங்கள். பச்சைக் கொட்டை, விதை, கன்று வேண்டாம். தாவர நோய்த்தடுப்புச் சோதனையில் சிக்கும். மிஞ்சிய சென்டாவோ நாணயங்களை எந்த மணி சேஞ்சரும் வாங்க மாட்டார். கடைசி நாள் காலை சந்தையிலேயே செலவழித்துவிடுங்கள்.