மரச்சீனியும் லினமரேஸும்: நொதிப் பெயரை எப்படிப் படிப்பது

நொதிப் பெயர்களை மனப்பாடம் செய்தவர்கள் தேர்வில் சறுக்குவது பெரும்பாலும் பெயரின் வாலில்தான். 'ஏஸ்' என்ற அந்த வால் டயாஸ்டேஸ் என்ற பெயரிலிருந்து வந்தது. 1833-இல் பயேன், பெர்சோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் முளைகட்டிய பார்லியில் கண்ட நொதி அது. டயாஸ்டேஸ் என்ற பெயர் 'பிரித்தல்' என்பதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெப்சினும் டிரிப்சினும் 'ஏஸ்' வழக்கமாகும் முன்பே பெயர் பெற்றவை, அதனால் 'இன்' என்று முடிகின்றன.

குமரி மாவட்டத்து மாணவர்களுக்கு அடுப்படியிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. மரச்சீனியில், அதாவது மரவள்ளிக்கிழங்கில், உள்ள லினமாரின் என்ற பொருளை உடைக்கும் நொதி லினமரேஸ். லத்தீனில் லினும் என்றால் ஆளிச்செடி, அமாருஸ் என்றால் கசப்பு. ஆளியிலும் இதே பொருள் உண்டு. பெயர் அங்கிருந்து வந்தது. ஆக, பெயரின் முன்பகுதி தளப்பொருளை, அதாவது நொதி செயல்படும் பொருளைச் சொல்கிறது, வினையைச் சொல்லவில்லை. வினையை நாம்தான் எழுதிப் பார்க்க வேண்டும்.

லினமாரின் இருப்பது செல்லின் வாக்குவோலில் (செல்லுக்குள் உள்ள நீர்ப்பையில்), லினமரேஸ் இருப்பது செல்சுவரில். கிழங்கைத் துருவினால் இரண்டும் சேரும். லினமரேஸ் தண்ணீரைச் சேர்த்துக் குளுக்கோஸைக் கழற்றும்: ஹைட்ரோலேஸ், நொதிகளை வினை வகைப்படி பிரித்த பட்டியலில் வகுப்பு 3. மிஞ்சும் அசிட்டோன் சயனோஹைட்ரினை ஹைட்ராக்சிநைட்ரைல் லையேஸ் அசிட்டோனாகவும் நச்சான ஹைட்ரஜன் சயனைடாகவும் பிளக்கும். இங்கே தண்ணீர் சேர்வதில்லை, எனவே வகுப்பு 4. இரண்டுமே உடைப்பவைதான், தண்ணீர் நுழைகிறதா என்று பார்த்தால் குழப்பம் வராது. (பெரிய துண்டுகளாகக் கொதிநீரில் போட்டால் நொதி முதலில் செத்துவிடும், லினமாரின் உடையாமல் நீரில் கரைந்து இறங்கும். அவித்த தண்ணீரைக் கண்டிப்பாக வடித்துக் கொட்ட வேண்டியது அதனால்தான்.)

இனி கைனேஸ். கிரேக்கத்தில் 'அசைத்தல்'. இன்று ஏடிபி (ATP) என்ற ஆற்றல் மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை மாற்றுபவற்றுக்கே அந்தப் பெயர், வகுப்பு 2. என்டெரோகைனேஸோ பழைய பொருளில் நிற்கிறது: டிரிப்சினின் செயலற்ற முன்வடிவமான டிரிப்சினோஜனை வெட்டி 'இயக்கிவிடுகிறது', பாஸ்பேட்டைத் தொடுவதே இல்லை. அது வகுப்பு 3. என்டெரோபெப்டிடேஸ் என்ற பெயரே அதற்குப் பொருத்தம்.

பைருவேட் கைனேஸில் இன்னொரு பொறி உண்டு. பெயர் எதிர்த்திசை வினைக்கு வைத்தது. குளுக்கோஸைப் படிப்படியாக உடைக்கும் கிளைக்காலிசிஸில் பாஸ்பேட் பைருவேட்டுக்குப் போவதில்லை. பாஸ்போஈனால்பைருவேட்டிலிருந்து ADP-க்கு, அதாவது இரண்டு பாஸ்பேட் உள்ள மூலக்கூறுக்குப் போய் ATP-யை உண்டாக்குகிறது. விடையில் அம்புக்குறியை இந்தத் திசையில்தான் போட வேண்டும்.